ஓரணா வட்டியும் ஒரு ரூபாய்ச் சேமிப்பும்

வரலாறு என்றவுடன் முடியுடை மன்னரும், அவர்தம் போர்க்களங்களும், வானளாவிய கோபுரங்களுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயின், எளிய மக்களின் அடுப்பங்கரைக்கும் ஒரு வரலாறு உண்டு. மாதக் கடைசியில் அரிசிப் பானையின் அடி தெரியும்போது ஒரு குடும்பம் யாரிடம் கைநீட்டியது, என்ன வட்டி கொடுத்தது, வாங்கிய கடனை எங்ஙனம் அடைத்தது என்பவை அவ்வரலாற்றின் பக்கங்கள். கல்வெட்டில் பொறிக்கப்படாத அப்பக்கங்கள், சங்கக் கணக்கேடுகளிலும் ஆணையங்களின் அறிக்கைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. பிழைப்பை நாடி வந்து தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மான்குர்த்திலும் வேரூன்றிய நம் தமிழ்க் குடும்பங்களுக்கு அது பிறர் கதையன்று, நம் கதையே. ஆதலின், நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் அதனை ஒருவாறு தொகுத்துரைக்க முற்படுகின்றோம்.

ஓரணாவின் கணக்கு

அந்நாளில் பம்பாய் என வழங்கிய இந்நகரின் ஆலைகளும் துறைமுகமும் இருப்புப்பாதைகளும் நாற்றிசையிலிருந்தும் மக்களை ஈர்த்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து புறப்பட்டோர் பலர் தாராவியில் தோல் பதனிடும் தொழிலிற் புகுந்தனர். தஞ்சை, பாலக்காடு முதலிய இடங்களிலிருந்து வந்த படித்த இளைஞர், எழுத்தராகவும் தட்டச்சராகவும் அமர்ந்து மாட்டுங்காவைத் தம் ஊராக்கிக்கொண்டனர். தொழில் வேறு, குடியிருப்பு வேறு எனினும் ஒன்று மட்டும் பொதுவாயிருந்தது: ஊருக்கு அனுப்ப வேண்டிய தொகை மாதந்தோறும் ஒன்றாயிருக்க, கையில் வந்த தொகை மாதந்தோறும் வேறாயிருந்தது.

1921, 1922 ஆண்டுகளில் பம்பாய் அரசின் தொழிலாளர் அலுவலகம் இந்நகரத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்தது. பிண்ட்லே ஷிர்ராஸ் என்பார் தலைமையில் 2,400-க்கு மேற்பட்ட குடும்பங்களின் கணக்குகள் திரட்டப்பெற்று, 1923-இல் அறிக்கை வெளியாயிற்று. வருவாயிற் பாதிக்கு மேல் உணவிற்கே சென்றதென்றும், 100 குடும்பங்களில் 47 குடும்பங்கள் கடன்பட்டிருந்தன என்றும் அவ்வறிக்கை காட்டியது. வழக்கமான வட்டி, ரூபாய்க்கு மாதம் ஓரணா.

ஓரணா என்பது செவிக்குச் சிறிதாய்ப் படும். கணக்கிட்டுப் பார்ப்போம். ரூபாய்க்கு 16 அணா. மாதம் ஓரணா எனில் ஆண்டிற்கு 12 அணா. அஃதாவது ஒரு ரூபாய் கடனுக்கு முக்கால் ரூபாய் வட்டி. 100 ரூபாய் வாங்கியவன் ஓராண்டில் 75 ரூபாய் வட்டி மட்டும் கட்டுவான். முதல் அப்படியே நிற்கும். பதினாறு மாதத்தில் வட்டி முதலுக்குச் சமமாகும். சம்பள நாளன்று ஆலை வாயிலில் கைத்தடியுடன் காத்திருந்த பட்டாணியரை நம்மவர் 'ஈட்டிக்காரன்' என அழைத்தனர். அப்பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை அச்சுறுத்திய காலமும் இருந்தது. ஆயினும், குடும்பங்களைக் குத்தியது அவன் கையிலிருந்த தடியன்று; அவன் நாவிலிருந்த ஓரணாவே.

1929-இல் விட்லி என்பார் தலைமையில் அமைந்த இந்தியத் தொழிலாளர் அரச ஆணையம் நாடெங்கும் சுற்றி, 1931-இல் தன் அறிக்கையை அளித்தது. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குறையாமல் கடனில் ஆழ்ந்திருந்தனர் என்றும், அவருட் பெரும்பாலோர் கடன் மூன்று மாதக் கூலியை விஞ்சியது என்றும் அது கண்டது. வட்டிக்கு வரும்போது, ஆணையம் கண்ட வழக்கமும் அதே ஓரணாவே. கூலி மாதமொருமுறை, அதுவும் காலந்தாழ்த்திக் கொடுக்கப்பட்டமையால், வேலைக்கு வந்த முதல் மாதமே மளிகைக் கடைப் பற்றிலும் வட்டிக் கடனிலும் தொடங்கியது. திருமணம், ஈமச் சடங்கு, நோய் என்பன அதன்மேல் ஏறின. அவ்வறிக்கையின் பயனாய்ச் சட்டங்கள் பிறந்தன. 1936-ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம், மாதம் முடிந்து 7 அல்லது 10 நாளுக்குள் கூலி கொடுத்தல் வேண்டும் என வரையறுத்தது. 1937-இல் செய்யப்பட்ட திருத்தம், குறைந்த ஊதியத்தைக் கடனுக்காக நீதிமன்றம் பற்றுதலினின்றும் காத்தது.

அவ்வாணையத்தின் உறுப்பினருள் ஒருவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். சட்டம் அரண் செய்யும். ஆனால் கடனை அடைக்காது என்பதை அவர் அறியாதவரல்லர். ஏனெனில் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, சென்னை திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமையாசிரியராயிருந்தபோது, மற்றொரு வழியின் தொடக்கத்தில் பங்கு கொண்டவர் அவர். அவ்வழியைக் காணத் தாயகம் செல்வோம்.

தாயகத்தில் எழுந்த வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே சென்னை மாகாணத்தில் 'நிதி' என்னும் அமைப்புகள் தோன்றின. ஒரு தெருவினர், ஓர் அலுவலகத்தினர் கூடி மாதம் ஒரு சிறு தொகை செலுத்துவர். தேவைப்பட்டவர் அத்திரட்டிலிருந்து கடன் பெறுவர். வட்டியாய் வருவது மீண்டும் உறுப்பினர்க்கே சேரும். 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்டு அவ்வகையில் நெடும்புகழ் பெற்றது. ஊர்ப்புறத்துச் சீட்டு அதனினும் பழைமையானது. ஆகவே, சிறு சேமிப்பைத் தமிழர் வேற்று நாட்டாரிடமிருந்து கற்றனர் எனல் பொருந்தாது.

அதனை நாடளாவிய இயக்கமாக்கும் வழி காட்டியவர் பிரடெரிக் நிக்கல்சன் என்னும் ஆங்கில அதிகாரி. கோவை மாவட்டத்தில் பணியாற்றி உழவரின் கடன் துயரைக் கண்டவர் அவர். சென்னை அரசின் பணிப்பின்பேரில் ஐரோப்பிய நாடுகளின் முறைகளை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் இரு பெருந்தொகுதிகளாக அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் 1846, 1847 ஆண்டுகளின் பஞ்சத்தின்போது ஏழை உழவர்க்கு உணவுச் சங்கம் கண்டு, பின்னர்ச் சிற்றூர்க் கடன் சங்கங்களை நிறுவிய ரைபைசன் என்னும் ஊர்த்தலைவரைப் போன்றவரை ஒவ்வோர் ஊரிலும் தேடிக் காண வேண்டும் என்பதே அவ்வறிக்கையின் சாரம். பணத்தைவிட, ஒருவரையொருவர் அறிந்த அண்டை அயலாரின் நாணயமே முதல் என்பது அதன் உட்பொருள்.

1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பெற்றது. அவ்வாண்டிலேயே அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் உழவர் கடன் சங்கமும், பெரிய காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும் எழுந்தன. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அவ்வாண்டிற் பிறந்ததே. சாஸ்திரியார் முதலானோர் உழைப்பால் வளர்ந்த அப்பண்டகசாலை, சரியான நிறையும் நியாயமான விலையும் ஒரு குடும்பத்தின் சேமிப்பே என்பதை நடுத்தர மக்கட்கு உணர்த்தியது.

இதனிடையே ஓர் எச்சரிக்கையும் வரலாற்றில் உண்டு. 1906-இல் சென்னையின் பெருமைமிக்க ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்தபோது, அதன் பெரும்பெயரை நம்பி வைப்பு வைத்த பல்லாயிரவர் தம் வாழ்நாட் சேமிப்பை இழந்தனர். அவ்விடியின் பின்னரே 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. பெயரின் பெருமை பணத்திற்குக் காவலாகாது. கணக்கைத் திறந்து காட்டுதலே காவல்.

சம்பளப் பட்டியலிற் பிடித்தம்

கூட்டுறவு வழி இந்நகருக்கு வந்து சேர்ந்தபோது அதற்கு ஏற்ற நிலமாய் வாய்த்தது இருப்புப்பாதைத் துறை. பல்லாயிரவர் ஒரே நாளில் ஊதியம் பெறுவதும், அவ்வூதியம் ஒரு பட்டியலிற் பதிவாவதும் இத்துறையின் இயல்பு. ஊழியர் கூடிக் கடன் சங்கம் அமைத்தனர். மேற்கு இரயில்வே ஊழியரின் ஜாக்ஸன் கூட்டுறவுக் கடன் சங்கம் அவ்வகையிற் பழையதொன்று. மத்திய இரயில்வே ஊழியர்க்கும் தம் கடன் சங்கம் உண்டு. வருங்கால வைப்பு நிதியும் இருப்புப்பாதை ஊழியர்க்கு நெடுங்காலம் முன்னரே வந்தது. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகவே அது தனியார் ஆலைத் தொழிலாளர் பலர்க்கும் எட்டியது.

இம்முறையின் நுட்பத்தைச் சம்பளப் பட்டியல் எழுதுவோர் நன்கறிவர். பங்குத் தொகையும் கடன் தவணையும் ஊதியத்தினின்றும் முதலிலேயே பிடிக்கப்படுகின்றன. எஞ்சியதே வீட்டிற்குச் செல்கின்றது. 'செலவு போக மிஞ்சினால் சேமிப்போம்' என்பவர் கையில் ஒருநாளும் மிஞ்சுவதில்லை. சேமிப்புப் போக மிஞ்சியதைச் செலவிடுபவர், முணுமுணுத்தாலும், அதற்குள் வாழக் கற்றுக்கொள்கின்றனர். வரவிற்குள் செலவு அடங்கினால் வரவு சிறிதாயினும் கேடில்லை என வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்திய கருத்து, பட்டியலிற் பிடித்தம் என்னும் ஒரு வரியில் நடைமுறைக்கு வந்தது எனலாம்.

ஆயின் ஒரு வினா எழுகின்றது. சம்பளப் பட்டியலே இல்லாதவர் என் செய்வர்? நாட்கூலி வாங்குவோரும், தெருவில் கீரை விற்கும் தாயும், வீட்டு வேலை செய்து பிழைக்கும் பெண்டிரும் யாரிடம் பிடித்தம் செய்யச் சொல்வர்? இவ்வினாவிற்கு விடை கண்டவர்கள் பேரறிஞரல்லர். நடைபாதையிற் குடியிருந்த பெண்கள்.

நடைபாதையிற் பிறந்த வங்கி

1984-இல் ஷீலா படேல் முதலானோர் 'ஸ்பார்க்' என்னும் தொண்டு நிறுவனத்தைத் தோற்றுவித்துப் பைகுல்லாப் பகுதியின் நடைபாதைவாழ் பெண்களோடு பணியாற்றத் தொடங்கினர். சில ஆண்டுகளில் அப்பெண்கள் 'மகிளா மிலன்' என்னும் கூட்டமைப்பாயினர். அவர்களோடு கைகோத்தது குடிசைவாழ் மக்களின் தேசியக் கூட்டமைப்பு. அதன் தலைவர் ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலிற் பிறந்த தமிழர். நம் மான்குர்த்தையடுத்து அணுசக்தி நிலையத்தின் அருகிலிருந்த ஜனதா காலனியில் வாழ்ந்து போராடியவர். 1976-இல் அக்காலனி இடிக்கப்பட்டு மக்கள் சீட்டா கேம்ப்பிற்குப் பெயர்க்கப்பட்ட துயரை நம் மூத்தோர் பலர் அறிவர். அற்புதம் அவர்கள் 2000-ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்று, 2018-இல் மறைந்தார்.

மகிளா மிலன் கண்ட முறை எளியது. ஒவ்வொரு குழுவிலும் ஒரு பெண் நாள்தோறும் வீடு வீடாய்ச் செல்வாள். ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ, அன்று முடிந்ததை ஒவ்வொருத்தியும் கொடுப்பாள். ஒன்றும் முடியாத நாளில், வந்தவளிடம் வீட்டு நிலையைச் சொல்லுவாள். எழுத்தறியாத பெண்கள், தொகைக்கேற்ற வண்ணக் காகிதத் துண்டுகளைப் பையிலிட்டுத் தம் கணக்கைத் தாமே காத்தனர். நோய்க்கோ, ஊர்ப் பயணத்திற்கோ, வேலையிழந்த வாரத்து அரிசிக்கோ அத்திரட்டிலிருந்து கடன் வழங்கப்பட்டது. யாருக்கு உண்மையில் தேவை, யார் எத்துணைத் திருப்பிச் செலுத்த இயலும் என்பதை வங்கி மேலாளர் ஆராய வேண்டியதில்லை. நாள்தோறும் வாயிலில் வந்து நின்றவளுக்கு அது தெரியும்.

நிக்கல்சன் தேடச் சொன்ன அண்டை அயலாரின் நாணயம் இதுவே. தாயகத்திலும் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் திட்டம், பின்னர்த் தமிழகமெங்கும் பரவிய சுய உதவிக் குழுக்களுக்கு வித்தாயிற்று. 1992-இல் நபார்டு வங்கி அத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது.

தண்டவாளத்திலிருந்து மான்குர்த்திற்கு

இனி நம் ஊருக்கு வருவோம். இருப்புப்பாதை மான்குர்த்தைக் கடந்து நவி மும்பைக்கு நீண்டபோது, பாதை வழியிற் குடியிருந்த குடும்பங்கள் சில 1980-களின் இறுதியில் 'ஜன் கல்யாண்' என்னும் வீட்டுவசதிக் கூட்டுறவு அமைத்து மான்குர்த்திலேயே குடியேறின. 1992-இல் மான்குர்த் – வாசிப் பாதையில் வண்டிகள் ஓடத் தொடங்கின. மின்வண்டி நாள்தோறும் நம்மைச் சுமந்து செல்லும் பாதையின் வரலாற்றில், அக்குடும்பங்களின் சேமிப்பும் ஒரு பகுதி.

பின்னர், மும்பை நகரப் போக்குவரத்துத் திட்டத்தின்கீழ், தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளில் வாழ்ந்த 60,000-க்கு மேற்பட்ட மக்கள் மறுகுடியமர்த்தப்பட்டனர். குடிசைகளின் நெருக்கத்தால் வண்டிகள் ஊர்ந்து சென்ற காலம் அது. மக்களே தம் குடிசைகளை எண்ணிப் பட்டியலிட்டு, சேமிப்புக் குழுக்களாய்த் திரண்டு, பெரும்பாலும் பூசலின்றிப் பெயர்ந்தனர். மான்குர்த்தின் லல்லுபாய் காம்பவுண்டிற்கு வந்தோர் பலர். 225 சதுர அடி வீடு, உறுதியான கூரை, தாழிடும் கதவு ஆகியன கிட்டின.

ஆயின், மாடி வீட்டிற்கு ஒரு மாதக் கணக்கும் உண்டு. மின்கட்டணம், நீர்க்கட்டணம், மின்தூக்கிக்கும் துப்புரவிற்கும் உரிய பராமரிப்புத் தொகை, வேலைக்குச் செல்லும் பயணச் செலவு எனக் குடிசையில் இல்லாத செலவுகள் ஒருங்கே வந்தன. வருவாயோ கூடவில்லை. இந்நிலையில் கடன்பட்டோர் வீட்டையே கைவிட நேர்ந்தால், தண்டவாள ஓரத்தில் ஆண்டுக்கணக்கிற் பட்ட பாடெல்லாம் வட்டிக்காரனுக்கே பயனாய் முடியும். நம் காலனியின் இன்றைய கவலை இதுவே.

பழைய வட்டி, புதிய வேடம்

ஈட்டிக்காரன் மறைந்துவிட்டான் என எண்ணுவோர் ஒரு கணக்கைக் காண்க. தண்டல் கடன் என ஒன்று உண்டு. 10,000 ரூபாய் என எழுதிக்கொண்டு 9,000 ரூபாயைக் கையிற் கொடுப்பர். நாள்தோறும் 100 ரூபாயாக 100 நாள் தண்டுவர். 'பத்தாயிரத்திற்கு ஆயிரந்தானே, நூற்றுக்குப் பத்துதானே' எனத் தோன்றும். ஆனால் கடன் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், 100 நாளும் சராசரியாய் நம் கையிலிருப்பது ஏறத்தாழ 4,500 ரூபாயே. அதற்கு நூறு நாளில் 1,000 ரூபாய் வட்டியெனில், ஆண்டிற்கு நூற்றுக்கு எழுபத்தைந்தையும் தாண்டுகின்றது. 1931-ஆம் ஆண்டின் ஓரணா வட்டி இதோ நம் வாயிலில் மிதிவண்டியில் வந்து நிற்கின்றது! அணா நாணயம் 1957-இல் புதிய பைசாவுக்கு இடந்தந்தது. அணா வட்டி மட்டும் போகவில்லை.

கைப்பேசியில் நொடிப்பொழுதிற் கடன் தரும் செயலிகள் அதன் மற்றொரு வேடம். 2022-இல் ரிசர்வ் வங்கி வகுத்த நெறிகளின்படி, மின்வழிக் கடன் வழங்குவோர் எல்லாக் கட்டணங்களையும் உட்படுத்திய ஆண்டு விகிதத்தைக் கடன் வாங்குவோர்க்கு முன்னதாகவே எழுத்தில் காட்டல் வேண்டும். அத்தாளைக் கேட்டுப் பெறுக. காட்ட மறுப்போரிடம் கடன் பெறற்க. தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டமும், மகாராட்டிரத்தில் 2014-ஆம் ஆண்டின் வட்டித்தொழில் ஒழுங்குமுறைச் சட்டமும் உள்ளன. சீட்டுப் பிடிப்போரும் 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தை அறிந்து, பதிவு பெற்ற சீட்டையே நாடுதல் நன்று.

பத்து ரூபாயின் ஆற்றல்

'பத்து ரூபாயைச் சேர்த்து மலையளவு கடனை அடைப்பதெங்ஙனம்?' என்பார்க்கு மற்றொரு கணக்கு. ஒரு குடும்பத்திற்கு அணா வட்டியில், அஃதாவது நூற்றுக்கு மாதம் ஆறேகால் ரூபாய் வட்டியில், 10,000 ரூபாய் கடன் உண்டெனக் கொள்வோம். மாத வட்டி மட்டும் 625 ரூபாய். மாதம் 600 ரூபாய் கட்டினால் அக்கடன் ஒருநாளும் தீராது, வளர்ந்துகொண்டே போகும். 700 ரூபாய் கட்டினால் 37 மாதத்தில் தீரும். கட்டிய மொத்தம் ஏறத்தாழ 25,800 ரூபாய். அத்துடன் நாளொன்றுக்குப் பத்து ரூபாய் சேர்த்து மாதம் 1,000 ரூபாய் கட்டினால் 17 மாதத்தில் தீரும். மொத்தம் ஏறத்தாழ 16,200 ரூபாய். நாள்தோறும் மீத்த பத்து ரூபாய், 20 மாதச் சுமையையும் 9,600 ரூபாயையும் காக்கின்றது. அதே கடனை நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியுள்ள கூட்டுறவுக் கடனாக மாற்றி 1,000 ரூபாய் வீதம் கட்டினாலோ, 11 மாதத்தில் 10,600 ரூபாயோடு முடிந்துவிடும்.

இக்கணக்கினின்றும் நாம் கொள்ளத்தக்கவை மூன்று. மிகுந்த வட்டிக் கடனைக் குறைந்த வட்டிக் கடனாக மாற்றுவது முதற்கண் செய்யத்தக்கது. எஞ்சிய கடன்களுள் வட்டி மிகுந்ததை முன்னதாக அடைப்பது அடுத்தது. அதற்கு வேண்டும் தொகையைச் சம்பளமோ கூலியோ கைக்கு வந்த அன்றே தனியே எடுத்துவைப்பது மூன்றாவது. நகையை அடகு வைக்கும் முன்னர், வீட்டிற் கிடக்கும் பழைய நாட்குறிப்பில் ஒரு மாதச் செலவை ஒன்றுவிடாமல் எழுதிப் பார்க்க. எழுதும் கை பெரும்பாலும் இல்லத்தரசியின் கையாயிருத்தல் நன்று. மகிளா மிலன் வரலாறு அதற்குச் சான்று. எங்கே பத்து ரூபாய் கசிகின்றது என்பதை அறிவுரை சொல்வோர் அறியார், எழுதியவரே அறிவர். விருந்தும் விழாவும் வேண்டாவென நாம் கூறவில்லை. விரலுக்கேற்ற வீக்கம் போதும் என்பதே நம் கருத்து.

சிக்கனத்தைப் பற்றிப் பேசும்போது ஏழையின் தேநீர்க் கோப்பையை எண்ணிக் குறைகூறுவோர் உளர். வரலாறு அவர்க்கு மாறானதைக் காட்டுகின்றது. கடன் மிகுந்தமைக்குத் தாமதமான கூலியும், எதிர்பாரா நோயும், ஓரணா வட்டியுமே பெருங்காரணங்கள். அவற்றினின்றும் மீண்டவர், தனித்து நின்று வயிற்றைக் கட்டியவரினும், கூடிநின்று கணக்கை வைத்துக்கொண்டவரே மிகுதி. மயிலாப்பூர் நிதியும், திரூர்ச் சங்கமும், இருப்புப்பாதை ஊழியர் கடன் சங்கமும், பைகுல்லாப் பெண்களின் வண்ணக் காகிதங்களும் மொழியும் இடமும் வேறாயினும் உரைப்பது இவ்வொன்றையே.

நம் காலனியில் ஒரே மாடிப்படியைப் பயன்படுத்தும் குடும்பங்கள் பத்து கூடினாலே ஒரு சேமிப்புக் குழு தொடங்கலாம். நாளொன்றுக்குப் பத்து ரூபாய் வீதம் பத்துக் குடும்பங்கள் சேர்த்தால், ஆண்டு முடிவில் 36,500 ரூபாய் திரளும். ஒரு வீட்டின் நோய்க்கும், மற்றொரு பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கும், வேறொருவர் தண்டற் கடனை முற்றும் அடைப்பதற்கும் அது உதவும். கணக்கு மட்டும் மாதந்தோறும் அனைவர்முன்னும் படிக்கப்படல் வேண்டும். நம் சங்கத்துப் பெரியோரும் இளைஞரும் இதனை எண்ணிப் பார்ப்பாராக. கடனில்லாக் கஞ்சி கால் வயிறாயினும் இனிக்கும் என்பது நம் முன்னோர் மொழி. கூடி உண்ணும்போது அது முழு வயிறும் நிறைக்கும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் குடும்பங்கள்!